உடல் வலுவிழந்தபின் மனம் தேறுதல்

(கிராமங்களில் வலுவிழந்தோர் மத்தியில் பணிபுரிவோருக்கும் அவர்களின் குடும்பத்தினருக்குமான பாடம்)

வைத்தியசாலையிலிருந்து ஒருவர் வீடு திரும்புகிறார். வீதி விபத்தில் நசுங்கிய இடது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டிருக்கிறது. முதல் வாரம் முற்றம் நிறைய ஆட்கள். உறவினர், அயலவர், சங்கத்துக்காரர் எல்லோரும் வந்து பார்க்கிறார்கள். இரண்டாம் வாரம் வருவோர் தொகை குறைகிறது. ஒரு மாதம் சென்றபின் படலை திறக்கும் சத்தமே கேட்பதில்லை. காயம் நன்றாக ஆறிவிட்டதென வைத்தியர் கூறுகிறார். அவரோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுகிறார். பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறார். "கால்தானே போனது, உயிர் இருக்குத்தானே" என்று முன்பு ஆறுதல் சொன்னவர்கள், "இவருக்கு நாங்கள் என்ன குறை வைச்சம்?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள்.

இது ஓர் உதாரணமே. ஆயினும் இத்தகைய வீடுகளை நாம் எல்லோரும் அறிவோம். 2009இல் முடிந்த போர் பலரைக் கை கால் இழந்தவர்களாகவும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களாகவும் விட்டுச் சென்றது. வீதி விபத்து, மரத்திலிருந்து விழுதல், நீரிழிவுப் புண், பாரிசவாதம் என்பன இன்றும் புதிதாகப் பலரை அந்நிலைக்குக் கொண்டு வருகின்றன. உடலுக்கு வேண்டிய சிகிச்சையை வைத்தியசாலை வழங்குகிறது. செயற்கைக் கால் செய்து கொடுக்க நிலையங்கள் உண்டு. மனம் தேறுவதோ பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலும் கிணற்றடியிலும் ஊர்க் கூட்டங்களிலுமே நடைபெறுகிறது. அங்கே நாம் செய்யக்கூடியது என்ன, செய்யக்கூடாதது என்ன என்பதை இப்பாடத்தில் சிந்திப்போம்.

1. இழந்தது கால் மட்டுமா?

கால் ஒன்று போகும்போது அதனுடன் வேறு பலவும் போகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது.

முதலாவது, தன் உடலைப் பற்றி ஒருவர் கொண்டிருந்த எண்ணம். கண்ணாடி முன் நிற்கும்போது அங்கே தெரிபவர் தாமா என்ற ஐயம் எழுகிறது. இரண்டாவது, மறைவு. மலசலகூடத்துக்குப் போகவும் குளிக்கவும் இன்னொருவரை அழைக்க வேண்டியிருப்பது வளர்ந்த ஒருவருக்கு மிகுந்த கூச்சத்தைத் தரும். மூன்றாவது, உழைப்பும் வருமானமும். நான்காவது, கணவன் மனைவி உறவில் உண்டாகும் அச்சம். "இவளுக்கு நான் பாரமாகிவிட்டேனோ" என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்பவர் மிகச் சிலரே. ஐந்தாவது, வீட்டிலும் ஊரிலும் அவருக்கிருந்த இடம்.

இந்த ஐந்தாவது இழப்பே பலராலும் கவனிக்கப்படாதது. நமது உதாரணத்தில் வரும் மனிதர் ஒரு கமக்காரர் என வைத்துக்கொள்வோம். விதைநெல்லை எங்கே வாங்குவது, எப்போது விதைப்பது என்பதையெல்லாம் தீர்மானித்தவர் அவர். இப்போது அவர் படுத்திருக்கும் அறைக்கு அப்பால், விறாந்தையில், தம்பியும் மனைவியும் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். அவரை ஒருவரும் கேட்கவில்லை. "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை, சும்மா இருங்கோ, எல்லாத்தையும் நாங்கள் பார்க்கிறம்" என்கிறார் தம்பி. அன்பினால் சொன்ன வார்த்தைதான். மறுவாரம் லான்ட்மாஸ்டர் விற்கப்பட்டுவிட்டதென்பதை அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளை மூலம் அறிகிறார். அன்றிரவு அவர் சாப்பாட்டுக் கோப்பையை எறிந்தார். கால் போன கவலையில் எறிந்ததாக வீட்டார் எண்ணினர். உண்மையில் அது விற்கப்பட்ட லான்ட்மாஸ்டருக்காக வந்த கோபம்.

காலை விபத்து எடுத்தது. இடத்தையோ அன்புள்ள வீட்டாரே அறியாமல் எடுத்துவிடுகிறார்கள். போன கால் திரும்பி வராது. இடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியும். இந்தப் பாடத்தின் மையக் கருத்து இதுவே.

2. துக்கத்துக்குப் படிவரிசை இல்லை

பெரிய இழப்பின்பின் மனம் பல நிலைகளினூடாகச் செல்கிறது என்று நாம் படித்திருக்கிறோம். திகைப்பு, நம்ப மறுத்தல், கோபம், பேரம் பேசுதல், சோர்வு, ஏற்றுக்கொள்ளல் என்றவாறு அவை வரிசைப்படுத்தப்படுகின்றன. இந்த வரிசை பெரும்பாலும் எலிசபெத் கூப்ளர் றொஸ் என்ற வைத்தியர் 1969இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. அவர் எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளரைப் பற்றி. பிற்காலத்தில் ஏனையோர் அதனை எல்லா இழப்புகளுக்கும் பொதுவாக்கினர்.

அந்த நிலைகள் உண்மையானவை. அவற்றை நாம் காண்கிறோம். ஆனால் அவை ஏணிப்படிகள் அல்ல. ஒருவர் காலையில் சிரித்துப் பேசி மாலையில் அழலாம். ஒருவர் கோபப்படாமலே தேறிவிடலாம். இன்னொருவர் இரண்டு வருடம் நன்றாக இருந்தபின், மகளின் திருமணப் பந்தலில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது தாம் மட்டும் கதிரையில் இருப்பதை எண்ணி உடைந்துபோகலாம். அது பின்னோக்கிப் போனதாகாது. சில நாட்களில் பழைய துக்கம் புதிதாக வரும், பிறகு போகும்.

எனவே, "இன்னும் ஏற்றுக்கொள்ளாமல் இருக்கிறாரே" என்று அவசரப்படுத்துவதும் தவறு. "இவர் அழவேயில்லை, உள்ளே ஏதோ பிழை" என்று அழவைக்க முயல்வதும் தவறு. இழப்புற்ற எல்லோரும் கடும் துக்கத்தில் மூழ்கியே தேறவேண்டும் என்பது சரியல்ல என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

1978இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. விபத்தினால் உடல் செயலிழந்த 29 பேரிடமும் லொத்தர்ப் பரிசு பெற்ற 22 பேரிடமும் அவர்களின் மகிழ்ச்சியைப் பற்றிக் கேட்கப்பட்டது. செயலிழந்தோர் ஏனையோரைவிடக் குறைந்த மகிழ்ச்சியையே தெரிவித்தனர். எனினும் அது நடு அளவுக்குச் சற்று மேலாகவே இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர் கற்பனை செய்யும் இருண்ட வாழ்வு அதுவன்று. அதேவேளை, விபத்துக்கு முந்திய தமது வாழ்வை அவர்கள் மிகவும் ஒளிமயமானதாக நினைவுகூர்ந்தனர். பழைய நாட்கள் எல்லாமே பொன்னாகத் தெரிவது அவர்களின் பாரங்களில் ஒன்று. அவர் பழங்கதை பேசும்போது பொறுமையுடன் கேளுங்கள், ஆனால் அந்தக் கதையுடன் நின்றுவிடாது, "இந்தப் போகத்துக்கு என்ன செய்வம்?" என்றும் கேளுங்கள்.

3. இல்லாத காலில் நோவு

வீட்டாரைப் பெரிதும் பயமுறுத்துவது இது. கால் அகற்றப்பட்டவர் நள்ளிரவில் எழுந்து, "பாதம் எரியுது, விரல் மடங்கி இழுக்குது" என்கிறார். அங்கே பாதமே இல்லை. "புத்தி பேதலித்துவிட்டதோ" என வீட்டார் அஞ்சுகின்றனர். தமக்கே அப்படியாகிவிட்டதோ என அஞ்சி, வெளியே சொல்லாமல் இருப்போரும் உண்டு.

இது பைத்தியம் அன்று. அவயவம் இழந்தோரில் பெரும்பாலானோர் இல்லாத அவயவத்தை உணர்கிறார்கள். பலருக்கு அதில் நோவும் உண்டு. உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையில் ஓரிடம் உண்டு. கால் போனபின்னும் அந்த இடம் அங்கேயே இருக்கிறது. வெட்டுண்ட நரம்புகளிலிருந்தும் மூளையிலிருந்தும் எழும் சமிக்ஞைகளைக் காலின் நோவாகவே மனிதர் உணர்கின்றார். இதைத் தெளிவாக விளக்கிச் சொன்னாலே பாதிப் பயம் நீங்கிவிடும்.

தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஓர் எளிய முறையைக் கண்டார். காலிழந்தவர் கால்களை நீட்டி இருந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு நீண்ட கண்ணாடியை நிறுத்துகிறார். கண்ணாடி முகம் நல்ல காலின் பக்கம் இருக்க, குறைந்த கால் அதன் பின்னே மறைகிறது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கால்களும் இருப்பதாகத் தோன்றும். நல்ல காலை மெதுவாக அசைத்து, மற்றக் காலும் அவ்வாறே அசைவதாக எண்ணிக்கொண்டு சிறிது நேரம் பயிற்சி செய்ய வேண்டும். சிலருக்கு இதனால் நோவு குறைகிறது, எல்லோருக்கும் அல்ல. உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் ஒருமுறை கேட்டுப் பழகிக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். நோவு தாங்கமுடியாததாயின் வைத்தியரிடம் சொல்லவேண்டும், மருந்துகளும் உண்டு.

4. மேரி வர்கீஸ் காட்டிய வழி

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் வைத்தியராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் சிக்கினார். முகத்தில் பெரும் காயம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போயின. பல சத்திரசிகிச்சைகளுக்கும் நீண்டகாலப் படுக்கைக்கும் பின்னரே அவர் சக்கர நாற்காலியில் இருக்கக்கூடியவரானார்.

அக்காலத்தில் அங்கே வைத்தியர் போல் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சத்திரசிகிச்சை மூலம் சீர்செய்து வந்தார். கைச் சத்திரசிகிச்சையை வைத்தியர்கள் வழக்கமாக இருந்துகொண்டே செய்வர். மேரி வர்கீஸ் அந்த வேலையைப் பழகி, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் நியூயோர்க்கில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். அங்கே 1966இல் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இந்த வரலாற்றைச் சொல்லி, "பார், அவரைப்போல் நீயும் தைரியமாக இரு" என்று யாருக்கும் புத்தி சொல்ல வேண்டாம். அது மனச்சோர்வில் இருப்பவரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிடும். நாம் கவனிக்க வேண்டியது அவரைச் சூழ இருந்தவர்கள் செய்ததை. அவரை ஒரு நோயாளியாக மட்டும் அவர்கள் பார்க்கவில்லை, வைத்தியராகவே நடத்தினர். இருந்து செய்யக்கூடிய வேலை எது என்று தேடினர். அந்த வேலைக்கு அவருடைய கைகள் உண்மையாகவே தேவைப்பட்டன.

நமது ஊரிலும் இருந்து செய்யும் வேலைகள் உண்டு. நாற்றுமேடை போடுதல், வலை பின்னுதல், தையல், சைக்கிள் திருத்துதல், சங்கத்தின் கணக்கு எழுதுதல், சிறு கடை நடத்துதல் ஆகியன அவற்றுட் சில. அவரைச் சும்மா இருக்க விடாமைக்காகக் கொடுக்கும் வேலை வேறு. அவர் இல்லாவிட்டால் நடக்காத வேலை வேறு. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அவர் உடனே அறிவார்.

5. தேறும் மனதில் நிகழும் மாற்றங்கள்

இரண்டாம் உலகப் போரில் காயமடைந்தோரிடையே தமாரா டெம்போவும் பியற்றிஸ் ரைற்றும் அவர்களுடன் சேர்ந்தோரும் ஆய்வுகள் செய்தனர். ரைற் 1960இல் வெளியிட்ட நூலில், வலுவிழப்பை ஏற்று வாழ்வோரின் மனதில் நான்கு மாற்றங்கள் நிகழ்வதாக எடுத்துக் காட்டினார். அவற்றை நமது கமக்காரரை வைத்து விளக்குவோம்.

(அ) பெறுமதியானவை விரிவடைகின்றன. முதலில் போன கால் ஒன்றே உலகமாக இருந்தது. பிறகு மகனின் படிப்பு, மாட்டின் கன்று, மாரி மழை என ஏனையவையும் கண்ணில் படத் தொடங்குகின்றன.

(ஆ) உடலின் தோற்றமும் பலமும் முதலிடத்திலிருந்து இறங்குகின்றன. மனிதனின் மதிப்பை மூட்டை தூக்கும் பலத்தினால் அளந்தவர், நிதானம், அறிவு, சொல் தவறாமை என்பவற்றாலும் அளக்கிறார்.

(இ) குறை அதன் எல்லைக்குள் நிற்கிறது. கால் இல்லாததால் வரம்பில் வேகமாக நடக்க முடியாது, அது உண்மை. ஆனால் கணக்குப் பார்க்கவோ, பிள்ளைக்குப் புத்தி சொல்லவோ, கூட்டத்தில் பேசவோ கால் தேவையில்லை. "கால் போனது, எல்லாம் போனது" என்ற எண்ணம் மெல்ல மெல்லக் கழன்றுபோகிறது.

(ஈ) ஒப்பிடுதல் குறைகிறது. பத்து நிமிடத்தில் கிணற்றடிக்கும் வீட்டுக்கும் ஊன்றுகோலுடன் போய்வந்தவர், "முன்பு ஒரு நிமிடத்தில் போனேனே" என்று அளந்தால் அழுவார். "இன்று நானாகப் போய் முகம் கழுவினேன்" என்று அளந்தால் மகிழ்வார். நடை ஒன்றே, அளவுகோல் வேறு.

இம்மாற்றங்களைப் போதித்து உண்டாக்க முடியாது. அவை செயலினூடாகவே வருகின்றன. செயற்கைக் கால் இதற்குப் பெரிதும் உதவும். இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1968இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் சப்பாத்து இன்றி நடக்கவும், குந்தி இருக்கவும், ஈர வயலில் இறங்கவும் ஏற்றது. இலங்கையிலும் அது பல ஆண்டுகளாகப் பொருத்தப்பட்டு வருகிறது. எனினும் அதனைப் பொருத்திய அன்றே துயர் தீரும் என எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். தொடக்கத்தில் தோல் உரசும், அடிக்கட்டை சுருங்கும்போது கிண்ணம் தளரும், திருத்த வேண்டிவரும். இதனை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

6. வீட்டாரும் ஊழியரும் கவனிக்க வேண்டியவை

1. முதலில் கேளுங்கள். அவர் அழுதால் அழட்டும். உடனே ஆறுதல் சொல்லி வாயை அடைக்காதீர்கள். "எனக்கு விளங்குது" என்பதைவிட "சொல்லுங்கோ அண்ணை" என்பது நல்லது.

2. காரணம் கற்பிக்காதீர்கள். பாவம், வினை, சாபம், தண்டனை என்று யாரும் அவரருகில் பேச இடமளிக்க வேண்டாம். விபத்து விபத்தே.

3. அவரால் முடிந்ததை அவரே செய்ய விடுங்கள். சேட்டுப் பொத்தானைப் பூட்ட அவருக்கு ஐந்து நிமிடம் எடுத்தால் ஐந்து நிமிடம் காத்திருங்கள். உதவ முன், "பிடிக்கட்டோ?" என்று கேளுங்கள்.

4. வீட்டுத் தீர்மானங்களை அவருடன் பேசுங்கள். அவர் எழுந்து வரமுடியாவிடின், கதையை அவரது கட்டிலடிக்குக் கொண்டு செல்லுங்கள்.

5. அவரைக் குறையின் பெயரால் அழைக்காதீர்கள். அவருக்குப் பெயர் உண்டு.

6. பராமரிப்பவரை மறவாதீர்கள். மனைவியோ தாயோ இரவு பகலாகத் தூக்கிப் பிடித்துக் களைத்துப்போயிருப்பார். வாரத்தில் ஒரு பின்னேரம் வேறொருவர் அந்தப் பொறுப்பை ஏற்றால் இருவருக்கும் நிம்மதி.

7. ஏற்கெனவே இதே நிலையிலிருந்து தேறிய ஒருவரை அழைத்து வாருங்கள். செயற்கைக் காலுடன் சைக்கிள் ஓடிவரும் ஒருவர் படலையில் இறங்கும் காட்சிக்கு ஈடாக நமது ஆலோசனை எதுவும் இல்லை.

7. ஆபத்தை அறிதல்

துக்கம் இயல்பானது. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள் முழுவதும் எதிலும் நாட்டமின்மை, நித்திரையின்மை, உணவில் வெறுப்பு, தான் பாரம் என்ற ஓயாத பேச்சு, குடிப்பழக்கம் மிகுதல் என்பன காணப்பட்டால் அது வைத்தியம் தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். "செத்தால் நல்லது" என்று அவர் சொன்னால் அதை வெறும் பேச்சாக எண்ணாதீர்கள். "சாகிற யோசனை வருகிறதோ?" என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது; பேச ஒரு வழி திறக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துடனும் தொடர்புகொள்ளலாம்.

கிருமிநாசினிப் போத்தல்களை உடனே வீட்டைவிட்டு அகற்றுங்கள். நமது நாட்டில் மிகக் கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்ட பின்னர் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருப்பதே ஓர் உயிரைக் காக்கும்.

8. ஊர் கொடுக்க வேண்டிய இடம்

மனம் தேறி ஒருவர் வெளியே வர, வாசிகசாலையில் நான்கு படிகள் அவரைத் தடுத்தால் என்ன பயன்? வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைவாய்ப்பிலும் கல்வி நிலைய அனுமதியிலும் அவர்களுக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் நடமாட வசதி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியாயின. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் வாசற்படிவரை தானாக வருவதில்லை. சீமெந்துக் கலவையும் ஒருநாள் சிரமதானமும் போதும், ஒரு சரிவுப்பாதை அமைக்கலாம். பிறகு கூட்டத்துக்கு அவரையும் அழையுங்கள். அவரது கருத்துத் தவறாயின் மற்றவர்களிடம் மறுத்துப் பேசுவதுபோல் அவரிடமும் மறுத்துப் பேசுங்கள். இரக்கத்துக்காகத் தலையாட்ட வேண்டாம்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் கிராமத்தில் உடல் வலுவிழந்தோரில் எத்தனை பேர் ஏதாவது ஒரு சங்கத்தில் அங்கத்தவராயுள்ளனர்? ஏனையோர் ஏன் இல்லை?

2. "நீங்கள் சும்மா இருங்கோ, நாங்கள் பார்க்கிறம்" என்ற வார்த்தை எப்போது உதவியாகும்? எப்போது காயப்படுத்தும்?

3. உங்கள் ஊரில் இருந்துகொண்டே செய்யக்கூடிய, ஊருக்கு உண்மையாகத் தேவையான மூன்று வேலைகளைக் குறிப்பிடுக.

4. வலுவிழந்த பெண் ஒருவரின் நிலை ஆணின் நிலையிலிருந்து எவ்வகைகளில் வேறுபடும்?

செயற்பாடு: அடுத்த கூட்டத்துக்கு முன் இத்தகைய ஒரு வீட்டுக்குச் செல்லுங்கள். ஆறுதல் சொல்லவோ பொருள் கொடுக்கவோ போக வேண்டாம். அவருக்குத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத ஒரு விடயத்தில் அவரிடம் ஆலோசனை கேட்டு வாருங்கள். அவர் சொன்னதைச் செய்து பாருங்கள். பலன் என்னவாயிற்று என்பதை மறுபடியும் போய் அவருக்குச் சொல்லுங்கள்.